தங்கை புருஷனும் பள்ளத்துப் பந்தும்

சைரஸ் கிஸ்டோவை நான் இருபத்துநாலு வருடம் சந்தேகப்பட்டேன். அவன் என் தங்கை லவீனாவின் புருஷன். அவனைப் பற்றி யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. எனக்கு முதல் சந்தேகமே அதில்தான் தட்டியது. நாலு பேர் நாலு விதமாகப் பேசாத மனுஷன் எதையோ பத்திரமாக மூடி வைத்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்.

ஆள் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. குட்டை உருவம், அகலத் தோள், அரைத் தூக்கத்தில் இருப்பது போன்ற கண். தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பான். ஒரு கேள்வி கேட்டால் அவன் வாயிலிருந்து பதில் வருவதற்குள் ஒரு சிகரெட்டைச் சுருட்டிப் பற்றவைத்துவிடலாம். கீலா ஆற்றில் தண்ணீர் ஓடிய காலத்தில் வெள்ளைமண் ஊரில் கோதுமை போட்டான். மேலே வெள்ளைக்காரர்கள் தண்ணீரை மறித்துக்கொண்ட பிறகு, எங்கள் ஓதாம் பூர்வகுடி ஜனம் எல்லாரையும் போலக் கருவேல மரத்தை வெட்டி, வண்டியில் ஏற்றி, ஃபீனிக்ஸ் பட்டணத்தில் விறகாக விற்றான். பக்கத்து வீட்டு வண்டிச் சக்கரம் உடைந்தால் கூப்பிடாமலே போய் நிற்பான். அதுவும் எனக்குப் பிடிக்காது. கூப்பிடாமல் வருகிறவன் எதையோ நோட்டம் பார்க்க வருகிறான்.

என் பெயர் எல்மர் மாக்கில். கீழ்க்கால்வாய் ஊர்க்காரன். எனக்கும் ஒரு பெண்டாட்டி இருந்தாள். அவளையும் சந்தேகப்பட்டேன். போய்விட்டாள். போனதைப் பார்த்ததும் நான் நினைத்தது சரிதான் என்று தோன்றியது. என் புத்தி எப்படிப்பட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் யாரும் ஏமாந்ததாகச் சொல்லக் கூடாது.

கிஸ்டோ விஷயம் தொடங்கியது ஒரு பந்தயத்தில். 1912ஆம் வருடம், அறுவடை முடிந்த பிறகு, வெள்ளைமண்ணும் கீழ்க்கால்வாயும் பந்து உதைத்து ஓடின. ஊருக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு பந்து. பந்து என்றால் முஷ்டி அளவுக் கருவேலங்கட்டை, இல்லாவிட்டால் அதே அளவுக் கல். புதரில் சுரண்டிய அரக்கைக் காய்ச்சி மேலே பூசியிருக்கும். கால்விரலால் நெம்பி எறிந்துவிட்டு அதன் பின்னால் ஓட வேண்டும், கையால் தொடக் கூடாது. கரட்டு மலை வரை போய்த் திரும்ப வேண்டும். போக எட்டு மைல், வர எட்டு மைல். பின்னால் இரண்டு ஊர் ஆண்களும் குதிரையில் ஏறி ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டு வருவார்கள். பெண்கள் ஓடுகளத்தின் தலையில் போர்வைகளையும் கூடைகளையும் பணயமாகக் குவித்துவைத்துக் காத்திருப்பார்கள். வெள்ளைமண்ணுக்குக் கிஸ்டோ. எங்கள் ஊருக்கு நான். அப்போது எனக்கு நிகரான ஓட்டக்காரன் ஆற்றின் இரண்டு கரையிலும் கிடையாது.

நான் தோற்றேன்.

எப்படித் தோற்றேன் என்பதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் நிலமெங்கும் பழையவர்களின் மேடுகள் உண்டு. ஹூஹுகம் என்போம், தீர்ந்துபோனவர்கள். அவர்களுடைய வீடும் வாய்க்காலும் பானையும் மண்ணுக்குள் கிடக்கின்றன. பெரிய மழைக்குப் பிறகு மேட்டின் சரிவில் சில சமயம் ஒரு கல் உருண்டை தலைகாட்டும். அதை எடுத்து அரக்குப் பூசி உதைத்தால் அது தானாகவே ஓடும், உதைத்தவனை ஜெயிக்கவும் வைக்கும். ஆனால் அது இரவல். பந்தயம் முடிந்ததும் அவர்கள் மண்ணிலேயே திரும்பப் புதைத்துவிட வேண்டும். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. புதைத்ததை ஒருவன் தோண்டி எடுத்தால் உதைத்தவனின் கால் போகும். ஊருக்கு ஊர் பணயம் வைத்து ஓடும்போது அதை உதைப்பது திருட்டு. பிடிபட்டவனை அப்புறம் யாரும் தன் ஊர்க்காரன் என்று சொல்லிக்கொள்ளமாட்டார்கள்.

நான் உதைத்தது அப்படிப்பட்ட பந்து.

எனக்கு அது தேவையே இல்லை. ஆனால் கிஸ்டோ அப்படி ஒன்றை வைத்திருப்பானோ என்று சந்தேகம் வந்துவிட்டது. அவன் தரையைப் பார்த்து நடப்பதே மேடுகளில் பந்து தேடத்தானே என்று நினைத்தேன். அதனால் நான் முந்திக்கொண்டேன். மலை வரை நான்தான் முன்னால் போனேன். திரும்பி வரும்போது ஆற்று மணலில் கால் மடங்கி, கணுக்காலில் ஏதோ அறுந்தது. கிஸ்டோ என்னைத் தாண்டிப் போனான். பார்த்தானா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை, நொண்டிக்கொண்டே போய்ப் பந்தைப் புதைத்துவிட்டு வந்தேன். வரும் வழியில் எனக்கு ஒன்று பளிச்சென்று விளங்கியது. தீர்ந்துபோனவர்களின் பந்தை வெறும் கட்டை ஜெயிக்க முடியாது. அதை ஜெயிக்க வேண்டுமானால் அவர்களுடைய இன்னொரு பந்துதான் வேண்டும். ஆகவே கிஸ்டோவும் திருடன். இதில் ஓட்டை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். எனக்கு இருபத்துநாலு வருடம் தெரியவில்லை.

இதை ஊரில் சொல்ல வழியில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என் குட்டு உடைந்துவிடும். அதனால் ஜாடையாகவே பேசித் திரிந்தேன். அவன் உதைத்த பந்தை யாராவது கையில் வாங்கிப் பார்த்தீர்களா என்பேன். பந்தயத்துக்கு முந்தின வாரம் அவன் மேட்டுப் பக்கம் போனானாமே என்பேன். எங்கள் ஊர்க்காரர்கள் தோற்றவர்கள் என்பதால் ஆசையோடு கேட்டுக்கொள்வார்கள். ஆனால் எழுந்து போகும்போது என் நொண்டிக் காலைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். அந்த உச்சுக்கொட்டலை என்னால் தாங்க முடியவில்லை. ஓட்டக்காரன் எல்மர் என்ற பெயர் அந்த மணலிலேயே கிடந்தது.

ஆறு மாதத்தில் அவன் லவீனாவைக் கேட்டு வந்தான். வாயை அடைக்க வருகிறான் என்றேன். அவள் சிரித்தாள்.

"அண்ணே, அவரு ரெண்டு வருஷமா என்னைப் பாத்துக்கிட்டு இருக்காரு. நீதான் வேற எல்லாத்தையும் பாத்த, அதை விட்டுட்ட" என்றாள்.

கல்யாணம் நடந்தது. அவன் குதிரை குட்டி போட்டபோது முதல் குட்டியை எனக்குக் கொண்டுவந்து கட்டினான். குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்தேன். முதல் பையனுக்கு என் பெயரை வைத்தான். லஞ்சம் என்று நினைத்தேன். பெண்டாட்டி போன பிறகு வாரத்துக்கு நாலு நாள் அவன் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. பயறும் கோதுமை ரொட்டியும் தட்டு நிறைய வரும். தின்றுகொண்டே அவன் முகத்தை உளவு பார்ப்பேன். அவன் தன் தட்டைப் பார்த்துத் தின்பான். பன்றிக்கறி சமைத்த நாளில் கொழுப்பான நல்ல துண்டு என் பக்கம் வந்துவிடும். அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

1934 குளிர்காலத்தில் டாக்டர் பெக்வித் வந்தார். கிழக்கே ஏதோ மியூசியத்து ஆள். மருந்து கொடுக்கும் டாக்டர் இல்லை, மண்ணைப் படித்த டாக்டர். எந்நேரமும் கையில் ஒரு சின்னத் தூரிகை இருக்கும். வெள்ளைமண்ணுக்கும் கீழ்க்கால்வாய்க்கும் நடுவில் உள்ள மேடுகளைத் தோண்ட இரண்டு ஊரிலிருந்தும் ஆள் எடுத்தார். ஆறு வற்றியிருந்ததால் கிடைத்த வேலையை விடுகிற நிலையில் யாரும் இல்லை. பழையவர்களின் எலும்பு இருக்கும் பக்கம் மண்வெட்டி போடமாட்டோம் என்று பேசி, அதற்கு ஒப்புக்கொண்ட பிறகுதான் போனோம். மேஸ்திரி வெள்ளைமண் ஊர் ஜோசையா ஓசிஃப். கிஸ்டோவும் போனான். அவன் போனதால் நானும் போனேன்.

மேடுகளுக்கு நடுவே ஒரு நீள்வட்டப் பள்ளம் இருந்தது. நீளம் அறுபது தப்படிக்குமேல் வரும். இரண்டு பக்கமும் பிறை வளைத்தது போல மண் கரை. டாக்டருக்கு வீடும் பானையும் ஒரு பொருட்டே இல்லை, அந்தப் பள்ளத்தின்மேல்தான் உயிர். அது பழையவர்கள் பந்தாடிய களம் என்றார். தெற்கே மெக்சிகோவில் கல் கட்டிய களங்கள் உண்டாம், அதன் மண் தம்பியாம் இது. எங்களில் சிலர் அது கூத்தாடிய இடம் என்றோம். இன்னொரு மியூசியத்திலிருந்து ஒல்லியான ஒரு அறிஞர் வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, இது தண்ணீர்த் தொட்டி என்று சொல்லிப் போனார். அன்று டாக்டர் சாப்பிடவில்லை. தொட்டி என்றால் வண்டல் எங்கே, தரையில் சுண்ணாம்பு மண் பூசியிருக்கிறதே, இரண்டு முனையிலும் அடையாளக் கல் நட்டிருக்கிறதே என்று எங்களிடம் சண்டை போட்டார், தொட்டி என்று நாங்கள் சொன்னது போல. அவருக்கு ஒரு பந்து வேண்டும். களத்துக்குள்ளேயே கிடைத்த ஒரு பந்து. அது கிடைத்தால் ஒல்லி அறிஞரின் வாயை அடைத்துவிடலாம்.

1912இல் நான் பந்தைப் புதைத்தது அந்தப் பள்ளத்தின் நட்டநடுவில்தான்.

ஏன் அங்கே புதைத்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அது என்ன இடம் என்று அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் கரை உயர்ந்து, நடுவில் நிற்கிறவனை எல்லாரும் பார்ப்பது போன்ற இடம். தோற்றுப்போன என் கால் அங்கே போய் நின்றுகொண்டது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஒருநாள் வேலை நடுவில், இந்தக் களம் எதற்காக என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என டாக்டர் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்தார். கிஸ்டோ வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டான். அவர் அடுத்த ஆளிடம் போகத் திரும்பிய பிறகுதான் பேசினான்.

"ரெண்டு ஊரு ஒண்ணை ஒண்ணு சந்தேகப்படாம இருக்காது. வில்லு எடுக்காம சந்தேகப்பட ஒரு இடம் வேணும்ல. அதுக்குத்தான்."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். எனக்கு ஊசி போலக் குத்தியது. சந்தேகம் என்ற வார்த்தையை அவன் எனக்காகத்தான் சொன்னான் என்று நினைத்தேன்.

நடுப்பகுதியைத் தோண்ட என்னைப் போடுங்கள் என்று மேஸ்திரியிடம் கெஞ்சினேன். இடுப்பு வலி, ஓரத்தில் மண் சரிகிறது என்று ஏதேதோ சொன்னேன். பந்து இருக்கும் இடத்தை நானே தோண்டினால் மண்ணோடு மண்ணாகக் கூடையில் தள்ளி, கொட்டுகிற குவியலுக்கு அனுப்பிவிடலாம் என்று கணக்கு. டாக்டர் ஒப்பவில்லை. நடுப்பகுதிக்குப் பொறுமையான கை வேண்டும் என்று கிஸ்டோவைப் போட்டார். என்னை வடக்குக் கரையில் போட்டார். அங்கிருந்து பார்த்தால் அவன் முதுகு தெரியும்.

நாலாம் நாள் காலை அவன் கை நின்றது.

தரையெல்லாம் பூச்சு கல் போலக் கெட்டியாக இருக்க, ஓர் இடத்தில் மட்டும் பூச்சு உடைந்து மண் பொலபொலவென்று இருந்திருக்கிறது. நான் உடைத்த இடம். அவன் குனிந்து கையாலேயே மண்ணை அள்ளினான். ஏதோ ஒன்றைப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி நேராக வடக்குக் கரையை, என்னைப் பார்த்தான். நான் மண்வெட்டியைப் பார்த்தேன். திரும்ப நிமிர்ந்தபோது அவன் எதையோ சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டான்.

பந்து வெளியே வந்தது. டாக்டர் மண்டியிட்டுத் தூரிகையால் தட்டினார். புகைப்படம் எடுத்தார்கள். அரக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்து, தொள்ளாயிரம் வருடம் ஆகியும் எவ்வளவு புதிதாக இருக்கிறது, அந்தக் காலத்துக் கைத்திறனே தனி என்றார். அந்த அரக்கை நான் எங்கள் வீட்டு அடுப்பில் காய்ச்சியது. பெருமைப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் ஒரு நொடி பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம் பயம் வந்தது. அவன் பையில் என்ன? இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, அவன் பழையவர்களின் சங்கு மணி எதையாவது திருடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால், அந்தக் குழியில் என்னைக் காட்டிக்கொடுக்கும் ஏதோ ஒன்று அவன் கையில் சிக்கியிருக்க வேண்டும். எதுவாக இருந்தாலும் அவன் வாயைத் திறப்பதற்குமுன் அவனைத் திருடனாக்கிவிட்டால் நல்லது. திருடன் என்னைப் பற்றி எதைச் சொன்னாலும் யார் கேட்கப் போகிறார்கள்? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டாக்டரிடம் போய், கிஸ்டோ குழியிலிருந்து எடுத்த ஒன்றைப் பைக்குள் வைத்திருக்கிறான் என்று சொன்னேன். தங்கை புருஷனைப் பற்றி இப்படிச் சொல்ல எனக்கு வருத்தம்தான் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

டாக்டர் முகம் சிவந்தது. எல்லாரையும் பள்ளத்தைச் சுற்றி நிற்கச் சொன்னார். இரண்டு ஊர் ஆட்களும் கரையில் ஏறி நின்றார்கள், அவன் மட்டும் நடுவில். பையில் இருப்பதை எடு என்றார். கிஸ்டோ மெதுவாகக் கையை விட்டு எடுத்தான். சங்கு மணி இல்லை. இற்றுப்போன சிவப்புத் துணிப் பட்டை, ஓரத்தில் நீல நூலால் பின்னல். ஓட்டக்காரர்கள் நெற்றியில் கட்டுவது. அன்றைக்கு என் நெற்றியில் இருந்தது. புதைக்கும்போது பந்தை அதில்தான் சுற்றினேன். இத்தனை வருடத்தில் அதை நான் அடியோடு மறந்திருந்தேன்.

கரையில் இருந்த ஓதாம் ஆட்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தலைப்பட்டை, அரக்குப் பந்து, பழையவர்கள் மண். மூன்றும் ஒரே குழியில். மேஸ்திரி ஓசிஃப் இறங்கிவந்து துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நம்ம காலத்துத் துணி. யாரோடது?" என்றார்.

அந்த இருபத்திரண்டு வருடத்தில் கீழ்க்கால்வாய்க்கும் வெள்ளைமண்ணுக்கும் இடையில் நடந்த பெரிய பந்தயம் ஒன்றுதான். யாருடையது என்றால் இரண்டே பேரில் ஒருவன். கிஸ்டோ என்னைப் பார்த்தான். ஒரு சிகரெட் சுருட்டுகிற நேரம் பார்த்தான். இப்போது நினைத்தால், அவன் எனக்கு நேரம் கொடுத்திருக்கிறான். நான் வாயைத் திறக்கவில்லை.

"என்னோடதுதான்" என்றான். "லவீனா தச்சுக் குடுத்தது. அந்தப் பந்தும் நான் உதைச்சதுதான். நான்தான் பொதச்சேன். இப்போ அதை எடுத்த எடத்துலயே வெச்சிரச் சொல்லுங்க."

ஓசிஃப் அதை டாக்டருக்கு இங்கிலீஷில் சொன்னார். டாக்டர் சிரித்துவிட்டார். கோபச் சிரிப்பு. பொருட்கள் வெளியே போகக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுத்துப் பேசுகிறாய், எனக்கா காது குத்துகிறாய் என்றார். துணி எலி வளையில் விழுந்த குப்பை, பந்து தொள்ளாயிரம் வருடம் பழையது, அது எனக்குப் பார்த்தாலே தெரியும் என்றார். பழையது என்பதில் அவர் தப்புச் சொல்லவில்லை. அங்கே யார் வைத்தது என்பதில்தான் தப்பு. பந்து பஞ்சுப் பெட்டியில் ரயில் ஏறியது. கண்ணாடிக்குள் இருக்கிறதாம். பந்துக் களத்துக்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை என்று புத்தகம் எழுதியிருக்கிறாராம். ஒல்லி அறிஞர் மட்டும், மெக்சிகோக் களங்களில் ரப்பர்ப் பந்தை இடுப்பால்தானே தட்டினார்கள், கல்லை இடுப்பால் தட்டி ஆடினால் எலும்பு மிஞ்சுமா என்று கேட்டு எழுதினாராம். இதையெல்லாம் ஓசிஃப்தான் எங்களுக்குச் சொன்னார். பந்தைத் தோண்டி எடுத்ததால் என் காலுக்கு ஏதாவது ஆகும் என்று அந்தக் குளிர்காலம் முழுக்கத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. முன்பு நொண்டியது போலவே நொண்டியது.

டாக்டர் நம்பவில்லை, ஆனால் இரண்டு ஊரும் நம்பின. எங்கள் ஊரில் அன்றைக்கே தெரிந்துவிட்டது. எல்மர் அப்போதிருந்தே சொன்னானே, நாம்தான் பொறாமை என்று நினைத்தோம் என்று ஆள் ஆளாக வீட்டுக்கு வந்தார்கள். மான் இறைச்சி கொண்டுவந்தார்கள். அதன்பிறகு மறுபடி தொடங்கிய அறுவடைப் பந்தயத்துக்குப் பையன்களைத் தேர்ந்தெடுக்க என்னை உட்காரவைத்தார்கள். கிஸ்டோவுக்கு அவன் ஊரிலேயே முகம் கொடுப்பார் இல்லை. எப்போதாவது தண்ணீர் வரும்போது அவன் பார்த்துவந்த ஊர் வாய்க்கால் மேற்பார்வையை அவனிடமிருந்து எடுத்துவிட்டார்கள். ஜெயித்த பெருமையை அழுக்காக்கிவிட்டான் என்று சொந்த ஊர்க்காரர்கள் அவன் வண்டியைத் தாண்டிப் போகும்போது மறுபக்கம் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தான். கூப்பிடாமல் போய்ச் சக்கரம் சரிசெய்வதை மட்டும் நிறுத்திவிட்டான். யாரும் தொடவிடவில்லை.

நான் மான் இறைச்சியைத் தின்றேன். சொல்லவே வாய் கூசுகிறது, ருசியாக இருந்தது.

அவன் வீட்டுச் சாப்பாட்டையும் நிறுத்தவில்லை. என்மேல் அவனுக்கு ஏதோ திட்டம் இருக்கிறது என்ற சந்தேகம் வேறு. எப்போது கேட்கப் போகிறான், என்ன கேட்கப் போகிறான் என்று காத்திருந்தேன். இரண்டு வருடம் அவன் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் விறகு வெட்டப் போன இடத்தில் நானே கேட்டேன்.

"மாப்ள, ஏன் அப்படிச் சொன்ன?"

அவன் கோடரியை மரத்தில் இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"உங்கிட்ட அந்த ஓட்டம் ஒண்ணுதான் இருந்துச்சு மச்சான். என்கிட்ட லவீனா இருந்தா, புள்ளைங்க இருந்துச்சு. போனாப் போகுதுன்னு இருந்துட்டேன்."

"அப்போ நீ உதைச்சது?"

"கருவேலங்கட்டைதான்."

"கட்டை எப்படி அதை ஜெயிக்கும்?"

அதற்கு மட்டும் உடனே பதில் வந்தது. "நீ திரும்பித் திரும்பி என்னைப் பாத்துக்கிட்டே ஓடின. முன்னால இருந்த குழியை எங்க பாத்த?"

ஊரில் சொல்லிவிடுகிறேன் என்று அன்றைக்கு அவனிடம் சொன்னேன். சரி என்றான். அவசரமில்லை என்றும் சொன்னான். அவசரமில்லை என்ற வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அறுவடை முடியட்டும் என்றேன். பந்தயம் முடியட்டும் என்றேன். அப்படியே ஐந்து வருடம் போனது. 1941இல் அவனுக்கு நெஞ்சுச் சளி கட்டி, நாலு நாள் படுத்தான். ஐந்தாம் நாள் இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் லவீனாவிடம் போனேன். அவள் வாசலில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, பந்தும் துணியும் என்னுடையவை, உன் புருஷன் திருடன் இல்லை என்று சொன்னேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் முறத்தை நிறுத்தவில்லை.

"நான் ஒரே ஒரு பட்டைதான் தச்சேன், அண்ணே. உனக்குத் தச்சேன். அது எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா எனக்குச் சோறு போட்ட?"

"அவரு போடச் சொன்னாரு. நீயே வந்து சொல்லுவன்னாரு. நீ வாசல்ல கால் வெக்கறப்பல்லாம் உன் மூஞ்சியைப் பாப்பாரு. இன்னைக்கு இல்லன்னு சொல்லிட்டுத் தட்டைப் பாத்துக் குனிஞ்சுக்குவாரு. கடைசி நாள் வரைக்கும் உன்மேல அவருக்குச் சந்தேகம் வரல. எனக்குத்தான் வந்துச்சு."

அந்த வருட அறுவடைப் பந்தயத்துக்கு இரண்டு ஊரும் கூடின. குதிரைகள் நின்றன, போர்வைகள் குவிந்தன. ஓட்டக்காரர்களை நிறுத்துவதற்குமுன் நான் நடுவில் போய் நின்று கையைத் தூக்கினேன். 1912இல் பழையவர்களின் பந்தை உதைத்தது நான், கிஸ்டோ உதைத்தது வெறும் கட்டை, அவன் நேர்மையாக ஜெயித்தான், பள்ளத்தில் நின்று அவன் சொன்னது எனக்காகச் சொன்ன பொய் என்று, இரண்டு ஊருக்கும் கேட்கும்படி, ஒன்றையும் பூசி மெழுகாமல் சொன்னேன். தொண்டை கட்டிக்கொள்ளும்வரை சொன்னேன்.

பிறகு ஓசிஃப் வந்து என் தோளில் கை போட்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"செத்தவன் பேரைக் காப்பாத்தணும்னு உன் தலையில அள்ளிப் போட்டுக்கறியே எல்மர். இந்த மனசு யாருக்கு வரும்" என்றார்.

இல்லை, நிஜமாகவே நான்தான் என்று கத்தினேன். வெள்ளைமண் பெண்கள் சால்வை நுனியால் கண்ணைத் துடைத்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் என்னைப் பெருமையோடு பார்த்தார்கள். ஒருவரும் நம்பவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் லவீனா நின்றுகொண்டிருந்தாள். நீயாவது சொல்லு என்று அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் முன்னால் வந்து, அண்ணன் சொல்வது உண்மை, அந்தப் பட்டையை நான் அண்ணனுக்குத்தான் தைத்தேன் என்றாள். புருஷனுக்காக அவள் அப்படித்தான் சொல்வாள் என்று பக்கத்தில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது எனக்கே கேட்டது.

பிறகு பையன்களை வரிசையில் நிறுத்தினார்கள். பந்தயம் தொடங்கியது.